பெயருக்கு முன்னால் நிற்கும் பகிடி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சிப் பகிடி நாடகங்களைப் பற்றியும் அவற்றில் நடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதைப் பற்றியும் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது, என் நினைவுக்கு முதலில் வந்தது கவிழ்த்து நிறுத்திய ஒரு சைக்கிள். 1990ஆம் ஆண்டுக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் பற்றரிக்கும் தடை இருந்தது. ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் நாங்கள் வானொலி கேட்டோம். நகைச்சுவை நிகழ்ச்சி போகும் வேளையில் பெடல் சுற்றுகிறவருக்கு ஒரு கடுமையான சட்டம் இருந்தது: அவர் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கை தளரும், கை தளர்ந்தால் வானொலி முனகத் தொடங்கும், எல்லோரும் காத்திருந்த அந்த ஒரு வசனம் முனகலோடு போய்விடும். பல ஆண்டுகள் கழித்து, விஜய் தொலைக்காட்சியின் ‘அது இது எது’ நிகழ்ச்சியில் ‘சிரிச்சா போச்சு’ என்ற சுற்றைப் பார்த்தபோது, எதிரே என்ன கூத்து நடந்தாலும் சிரிக்காமல் இருக்கவேண்டிய அந்தப் போட்டியாளர்களின் முகத்தில் எங்கள் வீட்டுப் பெடல்காரனின் முகத்தைத்தான் கண்டேன்.

நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியன். பகிடி நாடகம் என்று இங்கே நான் சொல்வது, மூன்று நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரை ஓடும், ஒரே குழு வாரந்தோறும் புதிதாக எழுதி நடிக்கும் குறுநாடகங்களை. அண்மைக்காலமாகப் பிள்ளைகள் இதை ஸ்கிட் என்று சொல்கிறார்கள். நீண்ட நாடகத்தில் ஒரு காட்சி சறுக்கினால் அடுத்த காட்சியில் நிமிர்ந்துவிடலாம். இதில் அந்த வசதி இல்லை. வந்தவுடனேயே ஆள் யார், இடம் எது, எங்கே கோளாறு என்பதைப் பார்ப்பவருக்கு விளங்க வைத்து, அந்தக் கோளாற்றை ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் வைத்து விட்டுவிட வேண்டும்.

இந்த வகையின் உலகப் புகழ்பெற்ற பட்டறை, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1975 ஒக்டோபர் 11ஆம் திகதி தொடங்கிய ‘சற்றடே நைட் லைவ்’. அதைத் தொடக்கியவர் லோர்ன் மைக்கல்ஸ் என்ற கனடாக்காரர். அதன் வேலை முறை என் மாணவருக்கு நான் விரும்பிச் சொல்லும் கதை. திங்கட்கிழமை எல்லோரும் கூடிக் கருக்களைச் சொல்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுவார்கள். புதன்கிழமை மேசையைச் சுற்றியிருந்து எல்லாவற்றையும் உரக்க வாசிப்பார்கள். அந்த வாசிப்பில் பெரும்பாலானவை விழுந்துவிடும். மிஞ்சியவற்றுக்கு இரண்டு நாட்களில் உடுப்பும் காட்சியமைப்பும் தயாராகும். சனிக்கிழமை மாலை ஒரு கூட்டத்தின் முன் ஒத்திகை நடக்கும். அதிலும் சில கழிக்கப்பட்டு, இரவு பதினொன்றரைக்கு மீதி நேரடியாக ஒளிபரப்பாகும். எங்கள் தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரே நாடகத்தை மூன்று மாதம் பழக்கி, கடைசி வாரத்திலும் வசனம் பாடமில்லை என்று அழுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட நெருக்கடியில் செய்யப்படும் பகிடி சமூகத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு 2008ஆம் ஆண்டு நடந்த ஒன்று நல்ல சாட்சி. அமெரிக்க உப சனாதிபதிப் பதவிக்குச் சாரா பேலின் போட்டியிட்டார். அவரைப் போல வேடமிட்ட ரீனா ஃபே என்ற நடிகை, தன் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்று ஒரு குறுநாடகத்தில் சொன்னார். பேலின் சொன்னது வேறு. அலாஸ்காவின் ஓரிடத்திலிருந்து ரஷ்ய நிலத்தைக் காணலாம் என்பதே அவருடைய பேச்சின் கருத்து. ஆனால் மக்களின் ஞாபகத்தில் நின்றது நடிகையின் வசனம். இன்றும் அதைப் பேலினே சொன்னதாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போலி முன்னே நின்றது, அசல் பின்னே போய்விட்டது.

வன்னியில் எங்களுக்கு இந்தத் தலைகீழ் இன்னொரு விதமாக நேர்ந்தது. போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002ஆம் ஆண்டு திறந்த பிறகு, கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்களின் பைகளில் இறுவட்டுகள் வந்தன. புதுக்குடியிருப்புக்கு அருகே ஒரு வீட்டு முற்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்தது. மண்ணெண்ணெயை அளந்து ஊற்றியிருந்தார்கள், ஆகவே எத்தனை மணிக்குப் படம் நிற்கும் என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். பாய், சாக்கு, கவிழ்த்த வாளி என்று கிடைத்ததில் எல்லோரும் இருந்தோம். போட்ட இறுவட்டில் இருந்தது ‘லொள்ளு சபா’. விஜய் தொலைக்காட்சிக்காக இராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சி, வெற்றி பெற்ற தமிழ்ப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் கதாநாயக நடை, அழுகை, பஞ்ச் வசனம், சண்டை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுக் காட்டியது. முற்றத்தில் இருந்த எங்களில் பாதிப்பேர் அந்த அசல் படத்தைப் பார்த்ததே இல்லை. என்றாலும் சிரித்தோம், ஏனென்றால் கேலி செய்யப்பட்டது ஒரு படத்தை மட்டுமன்று, எல்லாப் படங்களிலும் திரும்பத் திரும்ப வரும் வழக்கங்களை. சில மாதம் கழித்து அதே முற்றத்தில் அசல் படத்தைப் போட்டார்கள். தாய் இறக்கிற காட்சியில் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் களுக்கென்று சிரித்தான். அதோடு முற்றம் முழுவதும் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி மட்டும், “செத்த வீட்டிலை என்னடா இளிப்பு?” என்று ஏசினார். அந்த இயக்குநர் இருந்து பார்த்திருந்தால் பாவம்.

கேலி செய்கிறவன் அந்தப் படத்தை ரசிகனைவிட அதிக தடவை பார்த்திருக்க வேண்டும் என்பதை அன்றிரவுதான் விளங்கிக்கொண்டேன். கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்பதைக் கவனிக்காதவனால் அதைக் கேலி செய்ய முடியாது.

இனி நடிகர்களின் வாழ்க்கைக்கு வருகிறேன். இதில் ஒரு சின்ன விடயம் நெடுநாளாக என் மனத்தில் உறுத்துகிறது, அது அவர்களுடைய பெயர்கள். லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சுவாமிநாதன், லொள்ளு சபா சேஷு, லொள்ளு சபா மாறன், லொள்ளு சபா ஜீவா. நிகழ்ச்சி நின்று ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன, பெயருக்கு முன்னால் அது இன்னும் நிற்கிறது. எங்கள் நாட்டு வானொலிக்காரருக்கு இது புதினமே இல்லை. இலங்கை வானொலியின் ‘கோமாளிகள் கும்மாளம்’ கேட்ட தலைமுறைக்கு மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றுதான் அவர்களைத் தெரியும். மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி எல்லாம் பாத்திரப் பெயர்கள். அந்தக் குழுவில் ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீத், இந்துவான ராமதாஸ் முஸ்லிம் வணிகராக வந்தார். ஆளுக்கொரு பேச்சுத் தமிழோடு நான்கு பேரும் ஒரு வீட்டுக்குள் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதே நிகழ்ச்சி, அது 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. தமிழ்நாட்டில் நிகழ்ச்சியின் பெயர் ஒட்டிக்கொண்டது, இங்கே பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை உரிக்க முடியாது என்பது இரண்டுக்கும் பொது.

உரித்தவர்களும் இருக்கிறார்கள். லொள்ளு சபாவின் முன்னணி நடிகராக இருந்த சந்தானம், 2004இல் சிலம்பரசனின் ‘மன்மதன்’ படத்தில் நடித்த பிறகு திரைப்படத்துக்கே போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற இடத்தைச் சின்னத்திரையில் ஜீவா நிரப்பினார். அடுத்த பத்து ஆண்டுகளில் தமிழ்ப்படத்தின் முதல் வரிசை நகைச்சுவை நடிகராகச் சந்தானம் உயர்ந்தார், 2014இலிருந்து கதாநாயகனாகவும் நடிக்கத் தொடங்கினார். அவர் பெயருக்கு முன்னால் நிகழ்ச்சி இல்லை. ஆனால் 2016இல் அவருக்குப் பெரிய வெற்றி கொடுத்த பேய்ப்பட நகைச்சுவையை இயக்கியவர் அதே இராம்பாலா. சந்தானத்தின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் முகங்கள் மனோகரும் சேஷுவும் மாறனும். பெயரை உரித்தாலும் கூட்டத்தை உரிக்கவில்லை என்பதை அவருக்குச் சார்பாகச் சொல்லத்தான் வேண்டும். மனோகரின் அந்த நடையும் கையை மடித்து உதறுகிற விதமும், வசனம் இல்லாமலே ஒரு காட்சியை நிமிர்த்திவிடும். சேஷு 2024 மார்ச்சில் காலமானபோது, வயது போன பிறகுதான் அவருக்குப் பெரிய திரையில் உரிய இடம் கிடைக்கத் தொடங்கியிருந்தது என்பதை நினைத்து வருந்தினேன்.

யோகி பாபுவின் கதை இன்னும் சுவையானது. லொள்ளு சபா படப்பிடிப்புக்கு நண்பரோடு போன இடத்தில் இராம்பாலாவின் கண்ணில் பட்டு, அங்கேயே சிறு வேடங்களும் எழுத்து உதவியுமாகச் சேர்ந்துகொண்டவர். 2009இல் ‘யோகி’ என்ற படத்தில் நடித்ததால் அந்தப் பெயர் முன்னால் வந்து ஒட்டியது. அதாவது அவரும் முன்னொட்டுக்குத் தப்பவில்லை, வேறொன்றை வாங்கிக்கொண்டார். 2021இல் வந்த ‘மண்டேலா’வில், இரண்டு சாதிக் கட்சிகள் சரிசமமாக நிற்கும் ஊரில் ஒற்றை வாக்கால் முடிவைத் தீர்மானிக்கப்போகிற முடிதிருத்துபவராக நடித்தார். யாருடைய முடியையும் முகத்தையும் வைத்துத் தமிழ்ப்படம் பத்து ஆண்டுகளாகப் பகிடி பண்ணியதோ, அதே ஆளை ஒரு படம் நேராகப் பார்த்தது. அந்தப் படத்தை என் வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

‘கலக்கப்போவது யாரு’ நிகழ்ச்சியில் வென்று, ‘அது இது எது’வைத் தொகுத்து வழங்கி, 2012இல் திரைக்கு வந்து, இன்று தமிழின் முன்னணிக் கதாநாயகர்களில் ஒருவராக நிற்கும் சிவகார்த்திகேயனை எல்லோரும் அறிவீர்கள், ஆகவே விரிக்கவில்லை. ஆனால் அதே மேடைகளில் நின்ற வடிவேல் பாலாஜியை நினைத்துப் பாருங்கள். வடிவேலுவைப் போல நடித்துப் புகழ்பெற்றதால், அவருடைய பெயருக்கு முன்னால் இன்னொரு நடிகரின் பெயரே வந்து நின்றது. பெண் வேடம் கட்டி அவர் வந்து நின்றால் போதும், வாயைத் திறக்கத் தேவையில்லை. 2020 செப்ரெம்பரில், 45 வயதில் அவர் இறந்தார். இயந்திர மனிதனைப் போல மேடையில் அசைந்து காட்டிப் பெயர் எடுத்த ரோபோ சங்கர் 2025 செப்ரெம்பரில் போனார். அவருக்கும் ஐம்பது ஆகவில்லை. ‘சற்றடே நைட் லைவ்’ தொடங்கியபோது இருந்தவர்களில் ஜோன் பெலுஷி 1982இல், 33 வயதில் இறந்தார். அதே ஆண்டில்தான், பத்தொன்பது வயதில் அந்நிகழ்ச்சிக்குள் நுழைந்திருந்த எடி மர்ஃபி முதற்படத்திலேயே நட்சத்திரமானார். ஒரே பட்டறை, ஒரே ஆண்டு. இதற்குக் காரணம் தேடிப் பெரிய தத்துவம் பேச நான் விரும்பவில்லை.

இங்கிலாந்தின் ரோவன் அட்கின்சன், 1979இல் தொடங்கிய ஒரு பிபிசி குறுநாடக நிகழ்ச்சியில் பேச்சாலும் முகத்தாலும் பெயரெடுத்தவர். ஆனால் 1990இல் தொடங்கிய மிஸ்டர் பீன் அவரை விழுங்கிவிட்டது. மொத்தம் பதினைந்தே பாகங்கள். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத எங்கள் ஊர்க் குழந்தைகள் அவரை ‘பீன் மாமா’ என்று கூப்பிடுகிறார்கள். அட்கின்சன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பாராட்டிக்கொண்டே போனால் நேர்மையாகாது. இந்த நிகழ்ச்சிகளிலிருந்து எங்கள் பள்ளிக்கூட மேடைக்கு எளிதாக வந்து சேர்ந்தது அவற்றின் மிக மோசமான பகுதி. கறுப்பு நிறத்தையும் பருத்த உடம்பையும் சொல்லிச் சிரிப்பது, ஆண் சேலை கட்டி வந்து நின்றாலே அது பகிடி என்று எண்ணுவது, இவை இரண்டும் எழுதத் தெரியாதவர்களின் குறுக்குப் பாதைகள். பெண்களுக்குப் பாத்திரமே எழுதாமல் ஆண்களுக்குச் சேலை கட்டிவிடும் ஒரு நிகழ்ச்சி, ஊரில் பாதிப்பேரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. ‘சற்றடே நைட் லைவ்’விலும் ஒரு பெண் தலைமை எழுத்தாளராக வர 1999 வரை செல்ல வேண்டியிருந்தது, அப்படி வந்தவர்தான் நான் முன்னே சொன்ன ரீனா ஃபே. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பாடசாலையின் ஆசிரியர் தின விழாவில், வகுப்பிலேயே கறுப்பான பிள்ளையை மேடையேற்றி, அவளுடைய நிறத்தை வைத்தே முழு நாடகத்தையும் ஓட்டினார்கள். மண்டபம் சிரித்தது, அவளும் சிரித்தாள். அடுத்த தவணையில் அவள் நாடகப் பாடத்தை விட்டுவிட்டாள். அந்த நாடகத்தை ஒத்திகையில் பார்த்து அனுமதித்தவன் நான்.

இன்னொன்று மொழி. பகிடி என்றால் சென்னைத் தமிழில்தான் வரும் என்று எங்கள் பிள்ளைகள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். மேடையேறாதபோது “என்ன சேர், இண்டைக்குப் படிப்பிக்கேல்லையே?” என்று கேட்கிற பொடியன், மேடையில் நின்றவுடன் “இன்னாபா” என்கிறான். முல்லைத்தீவில் விடிய விடிய ஆடிய கோவலன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இசை நாடகத்தில் பபூன் வந்தானென்றால், அரிச்சந்திரனின் துன்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஊர்க் கடன்காரரைப் பற்றியும் குளத்துத் தண்ணீர்ச் சண்டையைப் பற்றியும் அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுவான். கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பு, ஒரு பஸ்ஸையும் நடத்துநரையும் பயணிகளையும் ஒரே ஆளின் தொண்டையில் ஏற்றி, யாழ்ப்பாணப் பேச்சை நாடெங்கும் கேட்க வைத்தது. மேடைக்கும் வானொலிக்கும் எங்கள் ஊர்ப் பேச்சே போதுமாக இருந்தது.

அண்மையில் ஒரு உயர்தர மாணவன் பஸ் நடத்துநரைப் பற்றி ஒரு பகிடி நாடகம் எழுதிக்கொண்டு வந்தான். அவன் ‘அண்ணை றைற்’ கேட்டதில்லை. எழுதியிருந்த நடத்துநர் ஏதோ ஒரு தமிழ்நாட்டு ஊரில் வேலை செய்கிறவர் போல இருந்தார். நான் அதைத் திருத்தவில்லை. ஒரு கிழமைக்கு முல்லைத்தீவு - வவுனியா பஸ்ஸில் கொப்பியோடு போய் வரச் சொன்னேன். ரிக்கெற் காசு என் செலவு. திரும்பி வந்தவனின் கொப்பியில் இருந்தவற்றில் சில: நடத்துநர் வாயால் சொல்வதைவிடத் தகரத்தில் தட்டிச் சொல்வதே அதிகம், ஒரு தட்டுக்கு நிற்பாட்டு, இரண்டு தட்டுக்குப் போ. “இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ” என்றும் “பின்னுக்கு இடமிருக்கு, உள்ளுக்குப் போங்கோ” என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார், இரண்டையும் ஒரே ஆளுக்குத்தான் சொல்கிறார். மீன் பெட்டி வைத்திருப்பவரிடம் அதட்டுகிறார், ஐயரிடம் குழைகிறார், ஆமிக்காரர் ஏறினால் பேசாமல் இருக்கிறார். மிச்சக் காசு கேட்டால் யன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறார்.

அந்தக் கொப்பியை வைத்து ஏழு நிமிட நாடகம் ஒன்று எழுதினான். ஒத்திகையில் நாங்கள் செய்ததெல்லாம் வெட்டியதுதான். வசனம் குறையக் குறைய, தகரத்தைத் தட்டும் கை பேசத் தொடங்கியது. நாடகம் போட்ட அன்று மண்டபத்தின் பின்பக்கம் நின்று பார்த்தவர்களில் ஒருவர் உண்மையான நடத்துநர். மகளைக் கூட்டிப்போக வந்தவர். நாடகம் முடிந்தவுடன் மேடைக்குப் பின்னால் வந்து, வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற பொடியனின் கையிலிருந்த காசுக் கட்டை வாங்கினார். நடிப்புக்காக விரல்களுக்கிடையில் நீளவாக்கில் மடித்து வைத்திருந்த தாள்கள் அவை. ஒவ்வொன்றாக உருவி, வேறு ஒழுங்கில் திருப்பிச் செருகினார்.

“தம்பி, எல்லாம் நல்லாச் செய்தனீர். ஒண்டுதான் பிழை. சின்னத் தாள் எல்லாத்தையும் வெளியிலை தெரியிற மாதிரி வைச்சிட்டு, மாத்தின காசில்லை எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? அதை உள்ளுக்கு வையும்.”

பொடியன் சிரிக்கவில்லை. கொப்பியைத் தேடி எடுத்து, அதை எழுதிக்கொண்டான்.

வணக்கம்.